கிடங்குச் சுவருக்கு முதல் வெள்ளை

சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றியதும் புஸ்ஸென்று கொதித்தெழும் ஆவியின் காரம் மூக்கில் ஏறினால், எனக்கு இன்றும் பொங்கலுக்கு முன்னால் ராயபுரத்துப் பழைய கப்பற்படைக் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல்களுக்கான வடக்கயிறும் பாய்த்துணியும் நங்கூரமும் அடுக்கிவைத்த கட்டடம் அது. என் சிறுவயதில் உள்ளே வௌவால்கள்தான் குடியிருந்தன. ஆனால் கடலைப் பார்த்து நின்ற அதன் உயர்ந்த வெள்ளைச் சுவர் எங்கள் குப்பத்துக்கே சொந்தம் மாதிரி. மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பும்போது கரையில் முதலில் தேடுவது அந்த வெள்ளையைத்தான்.

அதனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது முதல் பூச்சு ‘கெடங்கு’க்கு, மிச்சம்தான் வீட்டுக்கு. ஆண்கள் சாரத்தில் ஏறி நிற்க, பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக நின்று சுண்ணாம்பு வாளிகளைக் கைமாற்றி அனுப்புவோம். எங்கள் வீட்டில் எப்போதும் பாதிச் சுவரோடு சுண்ணாம்பு தீர்ந்துவிடும். நான் முனகினால் அம்மா, “வூடு எங்கியும் ஓடிடாது, மொதல்ல உங்க நைனா வூடு வந்து சேரட்டும்” என்பாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒருமுறை மழை மூட்டத்தில் திசை தெரியாமல் தவித்துக் கரையேறிய நைனா, ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்று, “கெடங்கு மட்டும் வெள்ளையா தெரியலன்னா இன்னிக்கு நான் இல்லம்மே” என்று அம்மாவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

இப்போது அந்தக் கிடங்கைக் ‘கடல்சார் பாரம்பரியச் சின்னம்’ ஆக்கியிருக்கிறார்கள். போன மாதம் நைனாவை அழைத்துக்கொண்டு போனேன். சுண்ணாம்பையெல்லாம் சுரண்டிவிட்டு, செங்கல்லைப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். வாசலில் இருந்த பெரிய பலகையில் எந்தத் துரை கட்டினான், எந்தக் கப்பல் வந்தது என்றெல்லாம் இருந்தது. எங்கள் குப்பத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுற்றிக்காட்டிய இளைஞர், “இந்தச் செவுத்த யாரோ சுண்ணாம்பு அடிச்சு நாசம் பண்ணி வெச்சிருந்தாங்க” என்றார். யாரோவாம்!

“யாரோ இல்ல தம்பி, நாங்கதான். கரைக்கு வர அடையாளம் வேணும்ல?” என்றார் நைனா.

“இப்பதான் ஜிபிஎஸ் இருக்கே, பெரியவரே” என்று அந்த இளைஞர் சிரித்தார்.

இருக்கட்டுமே! மறுபடி வெள்ளையடிக்கச் சொல்லியா கேட்டோம்? அந்தப் பலகையில் எங்களுக்கு ஒரு வரி எழுதினால் பாரம்பரியம் குறைந்தா போய்விடும்? என்று நான் அவரிடம் கத்திக்கொண்டிருக்கும்போதே நைனா சுவரோரம் போய், செங்கல் இடுக்கில் தப்பியிருந்த துளி வெள்ளையை விரலால் தடவினார்.

“தொடாதீங்க!” என்று காவலாளி விசில் ஊதினார்.

நைனா கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.