றெஜினா இரவல் கொடுத்த முகம்

எங்களுடைய முகங்களை இந்தப் பிரெஞ்சுக்காரருக்குப் பிரித்துத் தெரியாது. இதைச் சொல்லிக் கண்ணீர் விடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். றெஜினா இதைச் சொல்லிச் சிரிப்பாள். "தெரியாதபடியால்தானே இவ்வளவு காலமும் சோறு திண்டனாங்கள்" என்பாள், கையில் மீன் வெட்டுகிற கத்தியோடு.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் மீன் பகுதியில் கிழமைக்கு மூன்று நாள் நிற்பவள் அவள். ஐம்பது வயது. மன்னார், பேசாலைக்காரி. அவளிடம் மீன் வாங்குவது இலேசான காரியம் இல்லை. "அண்ணை, அந்தப் பாரையை ஏன் அமத்தி அமத்திப் பாக்கிறியள்? அது செத்துப்போச்சுது, உங்களோடை கதைக்காது" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லுவாள். ஆனாலும் சனம் அவளிடம்தான் வரும். மீனை அவளைப்போல ஒருவரும் துப்புரவாக்க மாட்டார்கள்.

நான் லூசியா. பொலிஸிலும் நீதிமன்றத்திலும் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பவள். நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டும், ஆனால் என்னுடைய பேச்சு ஒன்றுகூட அதிலிருந்து வரக் கூடாது. எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்த என்னை என்ன சொல்ல! இந்தக் கதையையும் நான் வெளியே சொல்லக் கூடாதுதான். "சொல்லடி, எனக்கென்ன வெக்கம்" என்று றெஜினாவே சொன்னபடியால் சொல்கிறேன். கதையில் வருகிற கஜனியும் தலையாட்டிவிட்டாள்.

றெஜினா இங்கே வந்தபோது அவளுக்கு விசா இல்லை. ஒன்றுவிட்ட அக்கா இம்மாகுலேற்றிடம் பத்து வருட வதிவிடக் கார்ட் இருந்தது. அந்தக் கார்ட்டைக் கொண்டுபோய் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் ஆட்களுக்குள் இது புதினம் இல்லை. சிலர் கார்ட்டை வாடகைக்கு விடுவார்கள், சிலர் சும்மா கொடுப்பார்கள். இம்மாகுலேற் சும்மா கொடுத்தாள். அவள் நெடுவல், வெள்ளை, மூக்குக் கண்ணாடி போடுகிறவள். றெஜினா கட்டை, கறுப்பு. ஏழு வருடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐந்தாம் வருடம் ஹோட்டல்காரர் நல்ல வேலைக்காரி என்று சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அதில் இம்மாகுலேற்றின் பெயர்தானே இருக்கிறது! வாழ்க்கையில் ஒரு ஹோட்டல் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றாத இம்மாகுலேற், அதைச் சட்டம் போட்டு ஆர்ஜொந்தெய் புறநகர் வீட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறாள். போகும்போதெல்லாம் றெஜினா அதற்கு ஒரு கும்பிடு போடுவாள்.

பிறகு றெஜினாவுக்கும் சொந்தக் கார்ட் கிடைத்தது. போன வருடம் பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்கும் போய் வந்திருந்தாள். எட்டு வருடமாக அவளுக்கு அந்த ஒரே ஆசைதான். மீன் செதில் உரித்துக்கொண்டே பிரெஞ்சு அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவாள். தேசிய கீதத்தை அறக்குளா மீனுக்குப் பாடிக் காட்டியிருக்கிறாள். கடிதம் ஒன்றுதான் வரவேண்டியிருந்தது.

இந்த இடத்தில் கஜனியைச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவள். அகதி வழக்கு ஒருதடவை தோற்று, மறுபரிசீலனையில் கிடந்தது. றெஜினாவுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. மீன் வாங்க வந்த இடத்தில் அழுதிருக்கிறாள், அவ்வளவுதான். "எனக்கு ஒருத்தி தந்தவள், நான் உனக்குத் தாறன்" என்று றெஜினா கார்ட்டைக் கொடுத்துவிட்டாள். பதினான்கு மாதமாக சென்-லசார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் கஜனி றெஜினாவாக வேலை செய்தாள். பிரஜாவுரிமை விண்ணப்பம் நடக்கிற நேரம் இப்படிச் செய்யலாமா என்று நான் கத்தினேன். "உன்ரை வேலையைப் பார்" என்றாள்.

அப்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில், எண்பத்திரண்டு வயதுக் கிழவியை யாரோ தள்ளிவிட்டுக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். பாவம், இடுப்பெலும்பு உடைந்துபோனது. தள்ளிய ஆளின் முகத்தைக் கிழவி காணவில்லை.

முதல் நாள் எங்கள் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துப் பக்கம் கூடாரத்தில் கிடக்கிற சூடான் பெடியள்தான். ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியுமாம். இரண்டாம் நாள், எதிர்வீட்டு இரண்டாம் மாடிச் சன்னலிலிருந்து ஒரு பிரெஞ்சு மதாம் கண்டதாகச் செய்தி வந்தது: நீளப் பின்னல், கறுத்தக் கோட், சிறீலங்காக்காரி. உடனே எங்கள் ஆட்கள், "அது தமிழ்நாட்டுக்காரியாய் இருக்கும்", "இல்லை, பாண்டிச்சேரிக்காரி" என்று தொடங்கினார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு கடைக்குள் போய்ச் சண்டையே பிடித்தேன்.

அந்தக் கிழமை எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். பின்னல் போட்ட பெண் ஒருத்தியும் இல்லை. எல்லாரும் கொண்டை. பாண் வாங்கப் போனால் பேக்கரிக்காரி எங்கள் கையைப் பார்க்கிறாள், பையைப் பார்க்கிறாள். றெஜினா மட்டும் பின்னலை இழுத்து முன்னுக்குப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே தெருவின் நடுவால் நடந்தாள்.

அதே புதன் பின்னேரம், பின்னல் கதை ஒன்றும் தெரியாமல் கஜனி வேலை முடிந்து வருவதைச் சன்னல் மதாம் கண்டுவிட்டார். பின்னல், கறுத்தக் கோட். "அவள்தான்" என்று தொலைபேசியை எடுத்தார். வியாழன் விடியற்காலை, வேலைக்கு இறங்கி வந்த கஜனியை வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கொமிசாரியா என்கிற பொலிஸ் நிலையத்தில் அந்தப் பெட்டை கதிரை நுனியில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கு எங்கே இருந்தாய் என்று அதிகாரி கேட்டார்.

"வீட்டிலை படுத்திருந்தனான்" என்றாள் கஜனி.

அவள் அந்த நேரம் ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். சொல்லாதையுங்கோ அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஹோட்டல் என்று சொன்னால் கார்ட் வெளியே வரும், கார்ட் வந்தால் றெஜினாவின் பிரஜாவுரிமை போய்விடும். எங்கள் ஆட்கள் மட்டும்தான் இந்தப் பிழையை விடுவார்கள்: குற்றம் செய்யவில்லை என்பதற்குக் கையில் சாட்சி இருக்க, அதை மறைக்கப் பொய் சொல்வது. நான் மொழிபெயர்த்தேன். வேறென்ன செய்ய?

பொய் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அவளோடு அறையில் இருக்கும் பெண், இவள் தினமும் ஆறு மணிக்கே வெளிக்கிட்டுப் போகிறவள் என்று பொலிஸுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதிகாரி பேனையை மேசையில் தட்டினார். பொய் சொல்கிறவளுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்றார். வழக்குப் போட்டால் அகதி மனு முடிந்தது, அவளை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அதையும் நான்தான் தமிழில் அவளுக்குச் சொன்னேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

றெஜினாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் தேவையும் வரவில்லை. ஒன்பதரைக்கு ஹோட்டலிலிருந்து, வேலைக்குச் சேரும்போது கஜனி கொடுத்திருந்த றெஜினாவின் இலக்கத்துக்கு அழைத்திருக்கிறார்கள்: "றெஜினா, இன்றைக்கு ஏன் வேலைக்கு வரவில்லை?"

மீன் கடையில் கத்தியோடு நின்றவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கஜனியின் அறைக்குப் போய் விசாரித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கொமிசாரியா வாசலில் வந்து நின்றாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"றெஜினா, யோசி" என்றேன். "எட்டு வருசம்."

"லூசியா, தள்ளு."

உள்ளே போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவள் பேசியது பிரெஞ்சு. நான் அவளுடைய தமிழிலேயே தருகிறேன், அவள் எந்த மொழியிலும் இப்படித்தான்: "அந்தப் பெட்டை செவ்வாய்க்கிழமை ஹோட்டலிலை நிண்டவள். என்ரை கார்ட்டிலை. குடுத்தது நான். பிழை என்ரை. களவு அவளின்ரை இல்லை."

அதிகாரி நம்பவில்லை. சிநேகிதியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்று நினைத்தார். ஹோட்டலின் கணினியில் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தவள் றெஜினா என்றுதான் இருந்தது. "வேலைக்குப் போனது நீ. இவளுக்கும் உனக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். பதினான்கு மாதம் ஒரு ஹோட்டல் இதைக் கவனிக்காமல் இருக்குமா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டுக் கேளுங்கோ" என்றாள் றெஜினா.

நாலு மணிக்கு ஹோட்டலின் மேற்பார்வைக்காரி மதாம் ஆன்ஜெலிக் வந்தார். ஒரு பக்கம் கஜனி, மறுபக்கம் றெஜினா. இதில் றெஜினா யார் என்று அதிகாரி கேட்டார். மதாம் ஆன்ஜெலிக் யோசிக்கவே இல்லை, கஜனியின் தோளில் கை வைத்தார். "இவள்தான். செவ்வாய்க்கிழமை நாலாம் மாடி முழுக்க இவள் செய்தது. பதினொரு மணிக்கு நானே சரிபார்த்தேன்."

அதிகாரி கார்ட்டை எடுத்து நீட்டினார். அதில் இருப்பது றெஜினாவின் படம்.

மதாம் ஆன்ஜெலிக் படத்தைப் பார்த்தார், கஜனியைப் பார்த்தார். "ஓம், இவள்தான். படத்தில் கொஞ்சம் களைப்பாக இருக்கிறாள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். றெஜினா அடக்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஐயா, இந்த மதாம் பதினாலு மாசம் ஒவ்வொரு நாளும் அவளைக் கிட்ட நிண்டு பாத்தவ. இவவுக்கே என்ரை படத்தையும் அவளையும் பிரிச்சுத் தெரியேல்லை. அப்ப இரண்டாம் மாடிச் சன்னலிலை நிண்ட மனிசி ஓடுற ஒருத்தியை மூண்டு செக்கனிலை எப்பிடிக் கண்டுபிடிச்சவ?"

அதிகாரி பேனையை மூடி வைத்தார். மதாம் ஆன்ஜெலிக் சிவந்துபோனார். அன்று மாலை சன்னல் மதாமைத் திரும்பக் கூப்பிட்டு, பின்னல் போட்ட ஆறு பெண்களின் படங்களைக் காட்டினார்கள். அவர் கஜனியைத் தொடவில்லை, வேறு இரண்டு பேரைக் காட்டினார். அதில் ஒருத்தி ஐந்து வருடத்துக்கு முன்பே கனடாவுக்குப் போனவள். ஏழு மணிக்குக் கஜனியை விட்டார்கள். பையைப் பறித்தது யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

றெஜினாவைச் சும்மா விடவில்லை. கார்ட் கொடுத்த குற்றத்துக்கு எச்சரிக்கை; வாங்கிய கஜனிக்கும் எச்சரிக்கையோடு சரி. இரண்டு மாதத்தில் பிரஜாவுரிமைக் கடிதமும் வந்தது: இரண்டு வருடத்துக்கு ஒத்திவைப்பு. கடையின் பின்பக்கம் மீன் பெட்டியில் குந்தியிருந்து அதை வாசித்தாள். அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு மூக்கைச் சிந்தினாள். "ரெண்டு வருசந்தானே. அரசர்மாரிலை கொஞ்சப் பேர் எனக்குக் குழம்புறவை, படிக்க நேரம் கிடைச்சிருக்கு."

"உனக்குக் கவலை இல்லையேடி?"

"கவலைதான். ஆனால் பெட்டை இஞ்சை இருக்கிறாளே."

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் இறால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா பூங்கொத்தோடு கடைக்குள் வந்தார். சன்னல் மதாம். நேரே மீன் பகுதிக்கு வந்தார். பல நாள் நித்திரை இல்லை என்றார். பூவை றெஜினாவிடம் நீட்டி, "மதுமுவசேல் கஜனி, என்னை மன்னித்துவிடு" என்றார்.

எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கத்தியை வைத்துவிட்டு றெஜினா அவரைப் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் பூவை வாங்கவில்லை. கையைக் கழுவினாள். ஏப்ரனைக் கழற்றினாள். சுற்றி வெளியே வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நான் றெஜினா, மதாம். வாங்கோ."

இரண்டு பேரும் தெருவைக் கடந்து, கஜனி இருக்கும் கட்டடத்தின் மூன்று மாடியும் ஏறினார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்க, றெஜினா ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று கூட்டிக்கொண்டு போனாள். நான் இறால் பையோடு பின்னால் போனேன். மணி அடித்ததும் கஜனி கதவைத் திறந்தாள். குளித்துவிட்டுத் தலையைத் துவாயால் சுற்றியிருந்தாள். பின்னல் இல்லை, கோட் இல்லை. முகம் மட்டும்தான் இருந்தது.

"இவள்தான் கஜனி" என்றாள் றெஜினா. "வடிவாப் பாருங்கோ."