அண்ணை சொல்லுவார்

பாக்கியரத்தினம் பழைய வேட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கரையைப் பல்லால் கடித்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் நேராகக் கிழியும். கிழித்த துண்டுகளைக் கொதிதண்ணீரில் அவித்து, குசினியில் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காயப் போட்டாள். மகள் கமலேஸ்வரிக்கு எட்டாம் மாதம். அவிக்காத துணியைப் பிள்ளைபெற்றவளின் கிட்டவும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள், அவர்கள் ஊரான கட்டைபறிச்சானில் பிள்ளைப்பேறு பார்க்கும் அரசாங்க மிட்வைஃப். அவளை வேறு ஊருக்கு மாற்றப் போகிறார்களாம். அதைப் பற்றிப் பேச அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம்.

"அம்மா, நீங்கள்தான் எழும்பிச் சொல்லோணும்" என்றாள் கமலேஸ்வரி.

"ஆக்களுக்கு முன்னால எனக்கு வாய் வராது பிள்ளை. அண்ணை சொல்லுவார்."

"மாமாவோ? அவர் பேசி முடிக்க என்ர பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போயிடும்."

சொல்ல வேண்டியது பெரிய கதையில்லை. கமலேஸ்வரியின் முதற்பிள்ளை பிறந்த பிறகு, பின்னால் விழ வேண்டிய நச்சுக்கொடி, அந்த இளங்கொடி விழவில்லை. இரத்தம் பாயை நனைத்துத் தரைக்கு இறங்கியது. உதடு வெளுத்து, கண் செருகிவிட்டது. மிட்வைஃப் சைக்கிளில் வந்து, கையைக் கழுவி, ஊசி போட்டு, வயிற்றைப் பிடித்து அழுத்திக் கொடியை வெளியே எடுத்தாள். மூதூருக்கு வண்டில் கட்டி, அங்கிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து திருகோணமலைக்குக் கொண்டுபோயிருந்தால் பிணத்தைத்தான் இறக்கியிருப்பார்கள். முதற்பேற்றில் அப்படி வந்தவளுக்கு அடுத்ததிலும் வரலாம். இதைச் சொல்ல மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். எழும்பி நின்றால் போதும்.

பாக்கியரத்தினம் தன் தமையன் தம்பிராசாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தேர்தல் மேடைகளில் பேசிப் பழகியவர் அவர். "நீ பேசாமல் இரு. அந்தப் பொறுப்பு என்ர" என்றார்.

கூட்டத்துக்குத் திருகோணமலைப் பட்டினத்திலிருந்து ஒரு வைத்திய அதிகாரி வந்திருந்தார். ஆண்கள் வாங்குப் பலகைகளில் இருந்தார்கள். பெண்கள் பின்சுவரோடு நின்றார்கள். அதிகாரி சுருக்கமாகப் பேசினார்.

"போன வருசம் இந்த ஊரில் பிரசவத்தில் ஒரு தாயும் இறக்கவில்லை. வேறு ஊர்களில் இறந்திருக்கிறார்கள். ஆகவே மிட்வைஃபை அங்கே அனுப்ப யோசிக்கிறோம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். தாய்மாரும் சொல்லலாம்."

அவள் இருந்தபடியால்தானே ஒருவரும் சாகவில்லை! பாக்கியரத்தினத்துக்கு அது நெஞ்சு வரைக்கும் வந்தது. ஒரு அடி முன்னால் வைத்தாள். இருந்த தலையெல்லாம் திரும்பின.

"சொல்லுங்கள் அம்மா" என்றார் அதிகாரி.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயத்தில் எந்த உடம்பும் செய்வதுதான் இது. கொஞ்சம் பொறுத்து நின்றால் அடங்கியிருக்கும். அவள் பொறுக்கவில்லை.

"அண்ணை சொல்லுவார்" என்றுவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

தம்பிராசா சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "மாண்புமிகு அதிகாரி அவர்களே, பெரியோர்களே, எங்கள் குலவிளக்குகளான தாய்மார்களே!" என்று தொடங்கி, கொட்டியாரக் குடாவின் பெருமையைச் சொன்னார். வயலைச் சொன்னார். கோயிலைச் சொன்னார். தாய்மை தெய்வத்துக்குச் சமம் என்றபோது கை தட்டினார்கள். வெளியே ஜீப்பின் ஹோர்ன் அடித்தது. கடைசி லோஞ்சைப் பிடிக்க வேண்டும் என்று அதிகாரி எழும்பினார்.

"மிக நல்ல பேச்சு. மறுப்பு ஒன்றும் இல்லைத்தானே?"

தம்பிராசா கும்பிட்டார். ஜீப் போய்விட்டது.

"என்னண்ணை, இரத்தம் போன கதையைச் சொல்லேல்லையே!"

"அந்தப் பெரிய மனிசனுக்கு முன்னால அந்தக் கதையை எப்பிடியடி சொல்லுறது? வெட்கமில்லையே?"

"நான் சொல்லச் சொன்னது அதைத்தானே?"

"அதுக்குத்தான் வந்துகொண்டிருந்தனான். அதுக்குள்ள அந்தாள் எழும்பிட்டார்."

பாக்கியரத்தினம் வீட்டுக்கு நடந்தாள். பேச்சு நன்றாயிருந்தது என்று வழிநெடுக ஆட்கள் அவளிடம் சொன்னார்கள்.

இரவு அவள் கொடியில் காய்ந்த துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். மருமகன் அருளம்பலம், கமலேஸ்வரியைப் பட்டினத்துக்குக் கொண்டுபோக வண்டிலுக்குச் சொல்லிவைக்கப் போனான்.

விடியக் காலமை கமலேஸ்வரியை வண்டிலில் ஏற்றினார்கள். மூத்த பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பாக்கியரத்தினம் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, பிள்ளையைத் தகப்பன் கையில் கொடுத்தாள். அது அழுத சத்தம் ரோட்டு வளைவு வரைக்கும் கேட்டது.

மூதூரில் லோஞ்சு நிறைந்திருந்தது. கோழி விற்கப் போன ஜெமீலா என்ற பெண் தன் கூடையை நகர்த்திக் கர்ப்பிணிக்கு இடம் கொடுத்தாள்.

"எட்டு மாசத்தில எங்க புள்ள கூட்டிப் போறாய்?"

பாக்கியரத்தினம் சொன்னாள். இளங்கொடி, பாய், வெளுத்த உதடு, மிட்வைஃபின் கை, ஒருவரும் சாகாத வருசம், கூட்டத்துக்கு வந்த டொக்டர், எல்லாம் ஒழுங்காக வந்தன. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யா அல்லாஹ்! இதை அந்த டொக்டர் ஐயாட்டச் சொன்னியா?"

"இல்லை."

ஜெமீலா கூடையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

திருகோணமலைத் துறையில் பாக்கியரத்தினம் பையைத் தோளில் மாட்டி, மகளின் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, பலகையில் மெதுவாக இறக்கினாள். பாலையூற்றில் தன் புருசனின் தங்கை வீடு இருந்தது; அங்கிருந்தால் ஆஸ்பத்திரி கிட்ட. எத்தனை கிழமை இருக்கவேண்டி வரும் என்று அவளுக்குத் தெரியாது. பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.