சுளுக்கு விட்ட சத்தம்

என் நாட்குறிப்பில் மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கு நேரே இப்படி இருக்கிறது: “வவுணதீவு வயல் வட்டையிலிருந்து வந்த நெல் மூட்டையை நகர்த்தும்போது மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சுளுக்கு.” கடைசிச் சொல் பிழை. நான் அதை இன்னும் வெட்டவில்லை.

ஆரையம்பதியில் சுளுக்கென்றால் எங்கள் பக்கத்து வளவில் இருக்கும் மச்சாளைத்தான் தேடி வருவார்கள். என் மனைவியின் தங்கை. கால் முன்னே வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. அந்த வெள்ளிக்கிழமை காலை அவளையே கூப்பிட்டோம். “ஊரெல்லாம் மிதிச்சுப் பழகினனீ, அக்காவெண்டு பாத்து மிதி” என்று பாயில் குப்புறக் கிடந்தபடி மனைவி பகிடி விட்டாள். மச்சாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தை மெல்ல அழுத்தினாள். முருங்கைக் கொப்பு முறிவது போல ஒரு சத்தம்.

“கேட்டதா அத்தான், சுளுக்கு விட்டுட்டுது” என்றாள்.

விடவில்லை. அதன்பிறகு மனைவியால் படுக்கையில் புரண்டு படுக்கவே முடியவில்லை. தைலம் பூசினோம், வாய்வு என்று கசாயம் கொடுத்தோம். சித்திரை பிறந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் முள்ளந்தண்டை ஒவ்வொரு எலும்பாக விரலால் தட்டிக்கொண்டு வந்தார். நடுமுதுகுக்குக் கீழே ஓரிடத்தில் அவள் கத்திவிட்டாள். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகள் முன்பக்கம் நசிந்து ஆப்பு வடிவில் இருந்தன. தொய்வு என்கிற மூச்சிழுப்புக்கு அவள் வருடக்கணக்காக விழுங்கிய ஸ்டெரொயிட் குளிசையும், மாதவிலக்கு நின்றதும் சேர்ந்து எலும்பை உக்க வைத்துவிட்டன என்றார். ஒஸ்டியோபொரோசிஸ். இப்படியான எலும்பு பாரம் தூக்கினாலும் நசியும், சில வேளை இருமினாலே நசியும். புற்றுநோய் இல்லையென்று உறுதிப்படுத்த இரத்தம் எடுத்தார்கள். கால்களில் பலம் இருந்ததால் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. முதுகுக்குப் பட்டி, கல்சியம், வாரத்துக்கொரு குளிசை. அந்தக் குளிசையை வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். குனியக் கூடாது. யாரும் உருவவோ மிதிக்கவோ கூடாது.

கடைசியாகச் சொன்னது கதவோரம் நின்ற மச்சாளுக்கும் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் தனியாகக் கேட்டாள்.

“மூட்டை ஒண்டை உடைச்சது. மற்றதை ஆர் உடைச்சது அத்தான்?”

அடுத்த கிளினிக்கில் இதை டொக்டரிடம் கேட்டேன். இவ்வளவு நாள் போனபிறகு இந்தப் படத்தை வைத்து எது எப்போது நசிந்ததென்று சொல்ல முடியாது, பழைய பக்கவாட்டுப் படம் இருந்தால் பார்க்கலாம் என்றார். எங்களிடம் இருந்தது தொய்வுக்கு எடுத்த நெஞ்சுப் படம், முன்பக்கமாக எடுத்தது. அதில் எதுவும் தெரியவில்லை.

மனைவியின் கூன் நிமிரவில்லை. மச்சாள் தினமும் கஞ்சி கொண்டு வந்து குசினி மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் வராமலே போகிறாள். சுளுக்கென்று வருகிறவர்களைப் படலையிலேயே திருப்பி அனுப்புகிறாள்.

போன மாதம் மனைவி ஒன்றைச் சொன்னாள். பொங்கலுக்குப் பழைய அளவுக்கே தைத்த நீளச் சட்டை நிலத்தில் இழுபட, தைத்தவரைத் திட்டிக்கொண்டே காத்தான்குடித் தையற்கடைக்குக் கொடுத்தனுப்பி விளிம்பை மடித்துத் தைப்பித்தாளாம். ஆள் குறுகியதை அப்போது யாரும் நினைக்கவில்லை. அது மூட்டைக்கு முந்தியென்றால் ஓர் எலும்பு அதற்கு முன்பே நசிந்திருக்க வேண்டும். மற்றதை மூட்டை நசித்திருக்கும். மச்சாளின் காலுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

“முந்தித்தான். அவளிட்டச் சொல்லுங்க” என்கிறாள் மனைவி. தங்கை அறைக்குள் வர வேண்டும் என்பதற்காக அவள் எதையும் சொல்லுவாள்.

தையற்கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். எத்தனையோ சட்டைக்கு விளிம்பு மடிக்கிறேன், ஞாபகமில்லை என்றார். என் நாட்குறிப்பில் சட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விளிம்பு மடித்தது தை மாதமா, மிதித்த பிறகா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை. மச்சாளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.