காலி என்று நினைத்த ஃபோல்டர்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வேலை என்றால் நான்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் இத்தனை வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். இதற்காகக் கடையில் போய் நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமை வேகத்துக்கு வந்ததும் எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான புது டிஸ்க் ஒன்று வாங்கினேன். சனிக்கிழமை காலையில் திருநகர் வீட்டில் நானே கேபினெட்டைக் கழற்றி உட்கார்ந்துவிட்டேன்.

சிஸ்டம் ஏறி முடிந்ததும் முதல் வேலையாக, டெஸ்க்டாப்பில் ‘உ’ என்று பெயர் வைத்து ஒரு காலி ஃபோல்டர் போட்டேன். தாளில் எழுதத் தொடங்கும்போது மேலே பிள்ளையார் சுழி போடுவோமே, அதுதான். பழைய டிஸ்க்கிலும் அப்படி ஒன்று இருந்தது. காலி ஃபோல்டரை எதற்குச் சுமப்பது என்று அதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் புதியதில் ஏற்றினேன். இனி பழைய டிஸ்க்கைத் துடைத்துவிட்டால் போட்டோக்கள் போட்டு வைக்க உதவும்.

ஹாலில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன வருடம் தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சத்தம் கிடையாது. கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவார். சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவார்.

“என்னங்க, எல்லாத்தையும் மாத்திட்டேன். அந்தப் பழைய உ-வை மட்டும் விட்டுட்டேன், அது காலிதானே. இப்ப பழைய டிஸ்க்கைத் துடைக்கப் போறேன்” என்று இங்கிருந்தபடியே பெருமையடித்தேன்.

கை தட்டினார். காபிக்குத்தான் என்று நினைத்தேன். மறுபடியும் தட்டினார், வேகமாக. எனக்குச் சுள்ளென்று வந்தது.

“அம்புட்டு அவசரமா? செத்த இருங்க” என்று சொல்லிக்கொண்டே ஃபார்மட்டை அழுத்தினேன். சில நொடிகளில் முடிந்துவிட்டது.

அவர் அறை வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. நோட்டை நீட்டினார். கோணல்மாணலாக ஒரே வரி: ‘உ-வுக்குள்ளதான் என் குரல் இருக்கு.’

ஆபரேஷனுக்கு முந்தின வாரம், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மைக்கைப் போட்டுத் தனியாக உட்கார்ந்து ஐந்து பதிவுகள் பேசி வைத்திருக்கிறார். பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று அந்த ஃபோல்டரில் போட்டிருக்கிறார். கொடுக்க வேண்டிய நாள் வரும்போது கொடுக்கலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவர் நோட்டில் எழுதிக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். எழுதும்போது அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

கௌரவத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, டிஸ்க்கைத் துண்டில் சுற்றி அவர் மடியில் கொடுத்து, ஸ்கூட்டரில் டவுனுக்குப் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அழிந்த ஃபைல்களை மீட்கிற கடைக்காரர் டிஸ்க்கை வாங்கிப் பார்த்தார்.

“இதுல வேற எதையும் ஏத்தலையேக்கா?”

“இல்லண்ணே.”

“நல்லவேளை. ஆனா எம்புட்டு வரும்னு சொல்ல முடியாது. திங்கக்கிழமை வாங்க.”

அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பார்த்தேன். வார்த்தைகள் ஞாபகம் வந்தன, சத்தம் வரவில்லை. கூடவே குடித்தனம் நடத்தியவள் நான், ஒரே வருடத்தில் எப்படி மறந்தேன்? அந்தப் பயத்தை அவரிடம் சொல்லத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை இருவரும் போனபோது கடையில் ஐந்து ஃபைல்கள் காத்திருந்தன. பெயர்கள் அழிந்து, வெறும் எண்கள். கடைக்காரர் முதலாவதைத் தட்டினார். “பாப்பா, அப்பா பேசுறேன்.” மகளுக்கு. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது மகனுக்கு. மூன்றாவது பேரையூரில் இருக்கும் அவர் அக்காவுக்கு. நான்காவதில் “மாப்ள” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். அது என் தம்பிக்கு.

ஐந்தாவது பாடவில்லை. மற்ற நான்கையும் சேர்த்தாலும் அதுதான் பெரிய ஃபைல். கடைக்காரர் என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசிவரை இரைச்சல்தான்.

“இது போயிருச்சுக்கா.”

நான் கணவரைப் பார்த்தேன். “அது யாருக்குங்க?”

நோட்டைத் திறந்தார். பேனா சிறிது நேரம் தாள்மேல் நின்றது. பிறகு ‘சும்மா மைக் டெஸ்ட்’ என்று எழுதிக் காட்டி, உடனே நோட்டை மூடிக்கொண்டார்.

நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் உண்மையை எழுதிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.