மில் வாசலில் கிடந்த பலகை

அந்தப் பலகையை அந்த அக்கா எதற்காகப் போட்டார்? எங்கள் மேல் இருந்த பிரியத்திலா, இல்லை இனிமேல் எங்கள் டப்பாக்களைத் தொடவே கூடாது என்ற வைராக்கியத்திலா? எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்றும் பதில் தெரியவில்லை.

ஜோகுபாளையத்தில் ஒரு சந்துக்குள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். ஒரே ஒரு இயந்திரம். அது ஓடும்போது எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகூட அதிரும். அப்பாவின் புருவமும் இமையும் எப்போதும் வெள்ளையாக இருக்கும். குளித்துவிட்டு வந்தால் எனக்கு அவரை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆகும்.

தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் ஓட்டத்தில்தான் எங்கள் வருஷமே ஓடியது. தெருவில் முக்கால்வாசி வீடுகளில் நோன்பு உண்டு. நோன்புக்கு அதிரசம் படைக்க வேண்டும். அதற்கு அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் அரைத்தாக வேண்டும். அந்த நாட்களில் அப்பா விடியற்காலையிலேயே குளித்து, இயந்திரத்தைத் துடைத்து, மத்தியானம் வரை நோன்பு அரிசியைத் தவிர வேறெதையும் உள்ளே போட மாட்டார். மிளகாய்க்காரர்கள் கெஞ்சினாலும் கிடையாது.

அந்த வருஷம் சரியாக அந்தப் பத்து நாளைப் பார்த்துத்தான் டிரைனேஜ் பைப் போட எங்கள் வாசலில் பள்ளம் தோண்டினார்கள். "ரெண்டே நாள்ல மூடிடுவோம் சார்" என்றார் மேஸ்திரி. எந்த இரண்டு நாள் என்று அவர் சொல்லவில்லை. இந்தப் பக்கம் மில், அந்தப் பக்கம் தெரு, நடுவில் ஆள் தோள் ஆழத்துக்குப் பள்ளம், அதன் ஓரமெல்லாம் செம்மண் மேடு. புடவை கட்டிக்கொண்டு, இடுப்பில் அரிசி டப்பாவோடு யார் தாண்டுவார்கள்? அக்கரையில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பள்ளத்துக்குள் வேலை செய்தவர்களில் கன்னடம் பேசும் ராய்ச்சூர் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஒரு நாள் அக்கரையில் தவித்து நின்ற ஒரு அம்மாவைப் பார்த்து, "கொடு அவ்வா, கொடு" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளத்துக்குள்ளேயே நாலு எட்டு நடந்து, இந்தப் பக்கம் என் கையில் கொடுத்தார். ஒரு அரிசிகூடச் சிந்தவில்லை.

"நம்ம மில்லுக்கு லிஃப்ட் வந்துடுச்சுடோய்!" என்றார் அப்பா. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மேஸ்திரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டப்பாக்கள் இந்தப் பக்கம் வந்தன. சாயங்காலம் அந்த அக்காவின் சோளத்தை அப்பா சும்மா அரைத்துக் கொடுத்தார். டப்பாக்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுவது என் வேலை. "குழி ஓரத்துல நிக்காதடீ" என்று உள்ளேயிருந்து கத்துவது அம்மாவின் வேலை.

மூன்றாம் நாள் மாடி வீட்டு ஆன்ட்டி என்னைத் தெருவில் பிடித்தார். தெருவில் முதல் நோன்பு அரிசி அவருடையதுதான். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருவார்கள்.

"ஏன் பாப்பா, டப்பாவ அந்தாண்ட யாரு எடுத்துனு போறது?"

பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "பள்ளத்துல இருக்கற அக்கா, ஆன்ட்டி! தலைமேல வச்சு எடுத்துனு வருவாங்க. கொஞ்சம்கூட சிந்தாது!"

"டிரைனேஜ் தோண்டற கையாலயா? நோன்பு மாவையா?"

அது புது பைப். அதில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடியிருக்கவில்லை. ஓடப்போவதும் ஆன்ட்டி வீட்டுத் தண்ணீர்தான். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்று நான், "ஆமா ஆன்ட்டி" என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

மறுநாள் நாலே டப்பா. அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை. எல்லோரும் அல்சூர் மார்க்கெட் மில்லுக்குச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று அம்மா விசாரித்து வந்தார். காரணமும் தெரிந்துவிட்டது. "உன் வாய வச்சுனு சும்மா இருக்க முடியாதா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அப்பா ஓடாத இயந்திரத்தை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பள்ள ஓரத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நாளையிலிருந்து நீ டப்பா எடுக்க வேணாம்மா. உன் வேலை கெடுது. மேஸ்திரி திட்டுவாரு" என்று கன்னடத்தில் சொன்னார். மேஸ்திரி ஒரு நாளும் திட்டியதில்லை. அந்த அக்கா அப்பாவைப் பார்த்தார். மில் வாசலில் டப்பா ஒன்றுகூட இல்லாததையும் பார்த்தார். "ஆய்த்து அண்ணா" என்றார். சரி என்றுதான் அர்த்தம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை மில் வாசலில் பள்ளத்துக்குக் குறுக்கே இரண்டு பலகைகள் கிடந்தன. கம்பியால் சேர்த்துக் கட்டி, இரண்டு முனையிலும் மண் அணைத்து, ஆடாதபடி செய்திருந்தது. அந்த அக்காதான் போட்டார் என்று மேஸ்திரி சொன்னார். மாடி வீட்டு ஆன்ட்டிதான் முதலில் நடந்து வந்தார். பிறகு தெருவே வந்தது. இயந்திரம் நாள் முழுக்க ஓடியது. நான் பலகைமேல் குதித்துக் குதித்து விளையாடினேன். அக்கா எனக்காகவே போட்டுக் கொடுத்ததென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் சோளம் கொண்டுவரவில்லை. அப்பா இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார். "இருக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டார். நோன்பு முடிந்ததும் அப்பா அந்த அக்காவுக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் என்னிடம் கொடுத்து அனுப்பினார். நான் போவதற்குள் அவர்கள் வேலை முடித்து வேறெங்கோ போயிருந்தார்கள். வரும் வழியில் மூன்று அதிரசத்தை நானே தின்றேன். மீதியைத் திருப்பிக் கொடுத்தபோது அப்பா ஏன் அதைத் தொடவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது நாங்கள் இருக்கும் தெருவில் கேபிளுக்காகத் தோண்டுகிறார்கள். முனையில் இஸ்திரி போடும் அண்ணன் வண்டியை நிறுத்த இடமில்லாமல் தினமும் ஒவ்வொரு வீட்டு கேட்டாகப் போய் இடம் கேட்கிறார். நேற்று என் ஐந்து வயது மகள், பள்ளத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் கை தானாகவே அந்த பாட்டிலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டது.

"ஏம்மா?" என்றாள்.

"கிருமிடா கண்ணு" என்றேன்.

அப்பாவுக்குச் சாக்கு மேஸ்திரி. எனக்குக் கிருமி. கிருமி உண்மையிலேயே இருக்கலாம், டாக்டரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஸ்கூல் பஸ்ஸில் பக்கத்து ஃபிளாட் பையன் அதே பாட்டிலில் குடித்த அன்று எனக்குக் கிருமி ஞாபகம் வந்ததா என்று இரவெல்லாம் யோசித்தேன். வரவில்லை.

நாளைக் காலை அவள் மறுபடியும் அந்த பாட்டிலோடுதான் கீழே இறங்குவாள். எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்கிற வயது; பாட்டிலை நான் கொதிக்கப் போட்டதை அந்தப் பெண்ணிடமே சொல்லிவிடுவாள். நான் என்ன செய்ய வேண்டும், அவளிடம் என்ன சொல்ல வேண்டும்? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.