இரும்புத் தூணும் கார்த்திகை மீனும்

என் மனைவிக்குக் கண்ணில் நீர் அழுத்தம் கூடிவிட்டது என்று வேலூரில் டாக்டர் சொன்னார். போன பார்வை போனதுதான், மீதி இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். ஓரத்திலிருந்து இருட்டு மெல்ல உள்ளே வரும், நடுவில் ஒரு காசு அகலம் வெளிச்சம்தான் கடைசியாகப் போகும் என்றார். அவள் அழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டு உட்கார்ந்து, கணியம்பாடி வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

நான் லேத் பட்டறைக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. இரும்புச் சீவல் கூட்டி அள்ள வந்தவன், பதினைந்து வருடத்தில் சொந்த மிஷின் போட்டேன். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷெட்டு டிரம்மின் ஷாஃப்ட் உடைந்தால், படித்த என்ஜினியர்கள் கைவிட்ட பிறகு என்னிடம்தான் வரும். விரல் நுனியால் தடவியே தலைமுடி கனத்தில் கால்வாசி அளவு கூடியிருக்கிறது என்பேன். கருவி வைத்து அளந்தால் அதுவேதான் இருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கே சொன்னாலும் தப்பில்லை, உழைத்துக் கற்றது.

அறுபதைத் தாண்டிய பிறகு வானத்தைப் படம் எடுக்கும் ஆசை வந்தது. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் புரியாது, ஆனால் கை செய்வதைப் பார்த்தால் போதும். டெலஸ்கோப், கேமரா, நட்சத்திரம் நகர நகர டெலஸ்கோப்பையும் கூடவே நகர்த்தும் மோட்டார் வைத்த மவுண்ட், எல்லாம் வாங்கினேன்.

அப்போதுதான் ஒருநாள், யாரோ எடுத்த கார்த்திகை நட்சத்திரத்தின் படத்தைச் செல்லில் மனைவிக்குக் காட்டினேன். அவள் பிறந்த நட்சத்திரம் அது. வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளியாகத் தெரிவது, படத்தில் சாம்பிராணி போட்டதுபோல் நீலப் புகைக்குள் இருந்தது. செல்லை முகத்துக்கு நேரே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது ஊரான் எடுத்தது. நீங்க எடுத்துனு வாங்க. கண்ணு அவியறதுக்குள்ள அத ஒருவாட்டி பாத்துட்டா போதும்" என்றாள்.

முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒரே மாசம் என்றேன். என்னை யாரென்று நினைத்தாய் என்றும் சொன்னேன்.

ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு கவுண்டரின் சாமைக் கொல்லையை ஒட்டிப் பாறை மேடு இருக்கிறது. அவருடைய தண்ணீர் மோட்டார் கெட்டால் நான் பார்த்துக் கொடுப்பது, அவர் எனக்கு மேட்டை விடுவது, இதுதான் பேச்சு. டெலஸ்கோப்போடு வந்த முக்காலி எனக்குப் பிடிக்கவில்லை. காற்றுக்கே ஆடும் சாமான். போர்வெல்லுக்கு இறக்கும் இரும்பு கேசிங் பைப்பை இடுப்பு உயரத்துக்கு அறுத்து, பாறையில் குழி போட்டு நட்டு, உள்ளே கான்கிரீட் ஊற்றினேன். மேல் தட்டை நானே கடைந்தேன். லாரி மோதினாலும் அசையாத தூண் அது. இந்த ஜில்லாவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

இந்த வேலையில் முக்கியமானது நேர் பார்ப்பதுதான். வானம் எந்த அச்சில் சுற்றுகிறதோ, மவுண்டின் அச்சும் அதே திசையில் நிற்க வேண்டும். லேத்தில் இந்தப் பக்கத்து சென்டரும் அந்தப் பக்கத்து சென்டரும் நேர் இல்லாவிட்டால் உருளை கூம்பாகப் போகும். இங்கே நட்சத்திரம் கோடாகப் போகும். வானத்தின் அச்சு வடக்கே துருவ நட்சத்திரத்தை ஒட்டிப் போகிறது. நம் பக்கத்தில் அது அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். என் மேட்டுக்கு வடக்கே மரம் மூடிய குன்று. நட்சத்திரம் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. அதனால் திசைகாட்டியைத் தூணின் தலையிலேயே வைத்து, ஊசி காட்டிய பக்கம் மவுண்டைத் திருப்பி, போல்ட்டை முறுக்கினேன்.

தை மாதம், துடைத்து வைத்ததுபோல் வானம். முதல் படம் எடுத்துப் பார்த்தால், ஆறு மீனும் ஆறு சேமியாவாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. மோட்டார்தான் கோளாறு என்று பிரித்தேன். பல்சக்கரம் தேய்ந்திருக்கும் என்று புதிதாகக் கடைந்து போட்டேன். திருகுகளை இறுக்கினேன், தளர்த்தினேன். தூணை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. என் கையால் நட்டது.

வாராவாரம் மலைக்குப் போய்ப் பஸ்ஸில் இறங்கி வருவேன். வாசலிலேயே கேட்பாள், "இன்னாங்க, கெடச்சுதா?" என்று. இன்னும் சரியாக வரவில்லை என்பேன். வந்த வரைக்கும் காட்டச் சொல்லுவாள்.

"ரிஜெக்ட் சரக்க வெளிய காட்டற பழக்கம் நம்ம பட்டறையில இல்லம்மே."

"நான் இன்னா கிராக்கியா?"

நான் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பட்டறையில் ஒரு ஜாப் அளவு தப்பினால் அப்போதே இரண்டாக வெட்டிக் காயலான் குவியலில் போட்டுவிடுவேன். பார்ட்டி கண்ணில் படவே கூடாது. அந்தப் பெயரை வைத்துத்தான் நான் ஆளானேன். படத்துக்கும் அதையே செய்தேன். மலையை விட்டு இறங்கும் முன்பே, கேமராவில் ஒன்று பாக்கி இல்லாமல் அழித்துவிட்டு வருவேன். இருந்தால் அவள் கேட்பாளே, அதற்காக.

மாசி போனது, பங்குனி போனது. சித்திரையில் புகைமூட்டம், கார்த்திகையும் சூரியன் பக்கம் போய் மறைந்துவிட்டது. ஆனியிலிருந்து மேகம். ஐப்பசியில் அடைமழை. மழை விட்ட இரண்டு நாளில் மேலே போனால், சாயங்காலம் வரைக்கும் பளிச்சென்று இருக்கும் வானத்தை, நான் டெலஸ்கோப்பை மாட்டியதும் மேகம் பள்ளத்திலிருந்து ஏறிவந்து மூடும். டெலஸ்கோப் கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும்.

"மேகம் உங்க மூஞ்சிய பாத்தாத்தான் வருது, மொதலாளி. ஆடியில சாமைக்கு வாடான்னு கூப்ட்டேன், வரல" என்று கவுண்டர் கேலி பண்ணுவார்.

அவர்தான் குற்றத்தைக் கண்டுபிடித்தார். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்குக் கூசுகிறது. கார்த்திகை மாதம், ஒரு மத்தியானம். தூணின் மேல் இருந்த திசைகாட்டியைப் பார்த்து இது இன்னா கடிகாரமா என்று கேட்டார். வடக்குக் காட்டும் ஊசி என்றேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரிக்குக் காட்ட நடந்தவர், கொல்லை நடுவில் நின்றுவிட்டார்.

"மொதலாளி, உங்க வடக்கு இங்க வேற பக்கம் கீது."

சிரித்துக்கொண்டே போனேன். வாங்கிப் பார்த்தேன். ஊசி சொன்ன வடக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. தூணுக்குக் கிட்டே கொண்டுவர வர, அது தூணின் பக்கம் சாய்ந்தது. அத்தனை கிலோ இரும்பை நட்டு, அதன் தலையிலேயே காந்த ஊசியை வைத்திருக்கிறேன். ஐம்பது வருடம் இரும்போடு இருந்தவன். காந்தம் இரும்பைப் பிடிக்கும் என்று பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். போன தை முதல் பங்குனி வரைக்கும் இருந்த தெளிந்த வானம் முழுவதையும், அவள் கண்ணில் வெளிச்சம் இருந்த மாதங்களையும், நான் தப்பான வடக்கில் செலவழித்திருக்கிறேன். அதன் பிறகு கவுண்டர் கேலி பண்ணவில்லை.

மறுபடி நேர் பார்க்க வேண்டும். இந்த முறை ஊசியை நம்பவில்லை. தெற்கே உச்சியில் நிற்கும் ஒரு நட்சத்திரத்தை டெலஸ்கோப்பில் நடுக்கோட்டில் பிடித்து, பத்து நிமிடம் காத்திருந்து, அது மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று பார்த்து, போல்ட்டைக் கால் திருகு திருப்ப வேண்டும். பிறகு திரும்பவும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை மேகம் எனக்கு விடவில்லை. ஏழாவது நிமிடத்தில் நட்சத்திரம் காணாமல் போகும். மார்கழி முழுக்க, தையில் பாதி, இப்படியே போனது. வீட்டில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முட்டி வலி என்று சொன்னாள். நம்பினேன்.

மாசியில் ஒருநாள் கிடைத்தது. சூரியன் விழுந்ததிலிருந்து ஒரு துணுக்கு மேகம் இல்லை. கார்த்திகை மேற்கே தாழச் சாயும் வரைக்கும் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு மீனும் ஊசியால் குத்திய புள்ளி. சுற்றிலும் நீலம். என்னை மாதிரி ஆள் எடுத்த படம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். செல்லில் ஏற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கினேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கெடச்சுதா என்று அவள் கேட்பதற்கு முன்பே, இந்தா பார் என்று செல்லை முகத்துக்கு நேரே நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகம் மலர்ந்தது.

"நல்லா கீதுங்க. அந்த நீலத்த எப்படித்தான் எடுத்தீங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். செல்லின் வெளிச்சம் அணைந்துபோயிருந்தது. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். தீபாவளிக்கு ஒரு கண், பொங்கலுக்கு இன்னொன்று என்றாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, சொன்னால் மலைக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள் என்று பயந்தாளாம். செல்லை என் மடியில் தேடி வைத்தாள்.

"போன வருசத்துதுல ஒண்ணாவது காட்டியிருக்கலாம். கோணலா இருந்தா இன்னா? அப்போ எனுக்கு கண்ணு இருந்துச்சே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

அந்த நல்ல படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். நானும் எப்படி எடுத்தேன் என்று விளக்குகிறேன், தூண் கதையை மட்டும் விட்டுவிட்டு. அவள் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அழித்ததை மீட்டுத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, கேமராவின் மெமரி கார்டை வேலூரில் ஒரு கடையில் கொடுத்தேன். அதன்மேல் எத்தனையோ தடவை எழுதிவிட்டீர்கள், வருவது சந்தேகம் என்றார் கடைக்காரர். மூன்று நாள் கழித்து ஒரே ஒரு படம் வந்தது, அதிலும் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். மேல்பாதியில் மீன்கள் கோடு கோடாக இழுபட்டிருந்தன. கடை வாசலில் வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு, அதைச் செல்லில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகளைச் சுற்றி நீலம் இருந்தது. அவள் பார்க்கக் கேட்ட அதே நீலம். போன வருடம் இதை நான் ஒருதரம்கூடக் கவனிக்கவில்லை, என் கண் கோட்டின் மேலேயே இருந்தது.

வீட்டுக்குப் போனதும், எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டாள். பேரிங் வாங்கப் போனேன் என்றேன்.