தட்டிக்குத் தண்ணீர்

எல்லப்பன் தறியை விட்டுக் கார் ஓட்டப் போனவன். அம்மையார்குப்பம் நூல் வியாபாரி கோதண்டபாணியிடம் டிரைவர். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போகவும், முதலாளி காரின் பின்னால் கரியடுப்பு மாட்டினார். கரி கனன்று வரும் கேஸில்தான் வண்டி ஓடியது. ஒருமுறை எஞ்சினை நிறுத்தினால் மறுபடி காற்றடித்துக் கிளப்புவதற்குள் உயிர் போகும். அதனால் வண்டி வழியில் எங்கே நின்றாலும் எஞ்சினை யாரும் நிறுத்துவதில்லை.

காருக்குள் வெக்கை தாங்காது. எல்லப்பன் ஜன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டினான். கூரையில் தகர டப்பா வைத்து, ஓட்டை போட்டு, தட்டி மேல் தண்ணீர் சொட்ட வைத்தான். தினமும் ஊசியால் ஓட்டையைக் குத்துவான். வேர் வழுவழுத்தால் பிரித்துப் புதிதாகக் கட்டுவான். திருத்தணி கடைத்தெருவில் கிண்டல் செய்வார்கள்: "முதலாளி வூட்டம்மாவுக்கு ஊட்டியைக் கட்டி இட்டுகினு போறான் பாரு." அவன் சிரிக்கக்கூட மாட்டான். அப்படி ஒரு வேலைப் பைத்தியம்.

நாற்பத்து மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயிலில் முதலாளி சம்சாரம் தமயந்திக்கு விஷக் காய்ச்சல். நெஞ்சு பலவீனம், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், வழியில் சூடு படக்கூடாது என்று திருத்தணி டாக்டர் சொல்லிவிட்டார். எல்லப்பன் தட்டிகளை இரட்டையாகக் கட்டினான். அனல் நுழையாதபடி கதவு இடுக்கிலெல்லாம் ஈரச் சாக்குத் திணித்தான். அந்தம்மாளைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள்.

திருவள்ளூர் தாண்டி ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. மிலிட்டரி கூட்ஸ் வண்டி ஒன்றன்பின் ஒன்றாகப் போயிற்று. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளி இறங்கிப் புளியமரத்தடியில் நின்றார். எல்லப்பன் குடம் குடமாகக் கொண்டுவந்து தட்டியில் ஊற்றினான். பின்னாலிருந்து வீசிய காற்று அடுப்பில் கசிந்த கேஸைப் பின்சீட்டு இடுக்கு வழியாக வண்டிக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்து உப்பிய வேர் வெளிக்காற்றை விடவில்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

எப்படி இருக்கிறாள் என்று முதலாளி மரத்தடியிலிருந்தே எட்டிக் கேட்டார். எல்லப்பன் தட்டியை விலக்கிப் பார்த்தான்.

"நல்லா தூங்கினு கீறாங்க. முகம் செவசெவன்னு ஆயிருக்குது. குளிர்ச்சி புடிச்சிருச்சி மொதலாளி. எழுப்ப வேணாங்க."

முதலாளி அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் தோளில் கை வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அந்தம்மாளின் இமையைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் போய் அடுப்பைப் பார்த்தார். கரி வாயு விஷம், முகச் சிவப்பும் அதனால்தான் என்றார். உயிர் போய் ரொம்ப நேரமாகிறது என்றார்.

எல்லப்பன் அங்கேயே தட்டிகளைப் பிய்க்க ஆரம்பித்தான். கோதண்டபாணி அவன் கையைப் பிடித்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை.

"கட்டுடா. ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் உடம்பு தாங்க வேணாமா?"

எல்லப்பன் மறுபடி கட்டினான். வழியில் கிணறு கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி, இறங்கித் தண்ணீர் ஊற்றினான்.